லைட் காயும்வரை

கார் லைட்டின் மேல் இருப்பது கண்ணாடி என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது பிளாஸ்டிக். வெயிலைக் குடித்துக் குடித்து முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் தேய்ந்துபோன சோப்புத் துண்டு மாதிரி ஆகிவிடும். உள்ளே பல்பு எரியும். வெளிச்சம் வெளியே வராது. அந்த மங்கலைத் தேய்த்து எடுத்து, தெளிய வைத்து, மறுபடி மங்காமல் இருக்க மேலே ஒரு பூச்சு போடுவதுதான் என் தொழில். சுமாராகச் செய்வேன். ஒரு முறை நான் தேய்த்துக் கொடுத்த வண்டி ஒரு தெருவுக்குக் குடிவந்ததும், இனி இங்கே தேவையில்லை என்று தெருவிளக்குக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தெருக்காரர்கள் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை.

கண்ணில் புரை எடுப்பது மாதிரி என்று சிலர் இந்த வேலையைப் பற்றி அழகாகச் சொல்வார்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. டாக்டர் என்னை மாதிரி வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைக் கையில் எடுத்திருந்தால் அந்தக் கட்டிலில் நான் படுத்தே இருக்க மாட்டேன்.

ஊரில் இருக்கிற வண்டிகளுக்கெல்லாம் பார்வை கொடுத்த எனக்கு, ஒரே ஒரு வண்டியைத் தொட மட்டும் அனுமதி கிடையாது. அது என் அக்காவின் வீட்டுக்காரருடைய சவ வண்டி.

அத்தானை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வேகத்துக்கு வந்த பெயர். நத்தை முந்திப் போனால் கோபப்பட மாட்டார். அதற்கு என்ன அவசரமோ என்பார். ஒரு முறை பெட்டிக்குள் இருந்தவரே உள்ளிருந்து தட்டி, “கொஞ்சம் பாத்து ஓட்டுங்க, நேரமாகுது” என்று சொன்னாராம். நான் கேட்கவில்லை. கேட்டவர் சொன்னார்.

வண்டி சொந்த வண்டி. கறுப்பு. அக்கா தினமும் காலையில் அதைக் கழுவித் துடைப்பாள். கடைக்குப் போக வேண்டுமென்றாலும் அதில்தான் போவாள். அவள் இறங்கினால் காய்கறிக் கடைக்காரர் எழுந்து நின்றுவிடுவார். பேரமே பேச மாட்டார். சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும்வரை உட்கார மாட்டார்.

அத்தானுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை ஏற்றிப் பின்கதவைச் சாத்தியதும் வண்டியைச் சுற்றி முன்பக்கம் வருவார். இடது பக்க லைட்டின் மேல் இரண்டு விரலால் தட்டுவார். “கிளம்பலாமா?” என்பார். பதிலுக்குக் கொஞ்சம் இடம் விடுவார். அப்புறம்தான் ஏறி உட்காருவார். பணக்காரச் சாவு, ஏழைச் சாவு, பார்க்க ஆளில்லாத சாவு எல்லாவற்றுக்கும் இதே மரியாதை. பின்னால் படுத்திருப்பவரிடம் கேட்க வேண்டியதை முன்னால் நின்று ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு தரம் கேட்டேன்.

“மூஞ்சியப் பாத்துக் கேக்கறதுதான்டா மரியாதை” என்றார்.

அந்த மூஞ்சியில்தான் கோளாறு. இரண்டு லைட்டும் மஞ்சள் காமாலை கண்ட மாதிரி இருந்தன. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பற்பசையைத் துணியில் எடுத்துத் தேய்ப்பாள். பற்பசையில் தேய்த்தால் பளிச்சென்றுதான் ஆகும், அடுத்த மழைவரை. மேலே பூச்சு இல்லாததால் அப்புறம் முன்னைவிட மோசமாக மங்கும். அவள் விடுவதில்லை. மறுபடி தேய்ப்பாள். அந்த வண்டிக்குப் பின்னால் நடந்து போனவர்களுக்கெல்லாம் அழுது முடித்ததும் வாய் மணத்தது. இந்த ஊரிலேயே பல் சுத்தமான சவ வண்டி அதுதான்.

“தம்பிகிட்ட குடுத்தா ஒழுங்கா தேய்ச்சுப் பூசித் தருவான்ல?” என்பாள்.

“சாவு வண்டிக்கு எதுக்குடி பளபளப்பு? கல்யாணத்துக்கா போகுது?” என்பார் அத்தான்.

“ஒரு மனுசன் ஒரே ஒரு தடவை போற வண்டி. அதுலயாவது வழி நல்லாத் தெரியட்டுமே.”

“போறவங்க எங்கடி பாக்கறாங்க?”

“நீங்க பாக்கறீங்கல்ல?”

 அத்தான் உடனே டீ கேட்பார்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டு என்றால் பயம். எங்கள் வீட்டில் மற்றவர்கள் பேயை நினைத்துப் பயப்படுவார்கள். அவள் பேயை ஒரு பொருட்டாக மதிக்க மாட்டாள், இருட்டுக்குத்தான் பயப்படுவாள். அத்தான் வீட்டிலிருந்து மயானத்துக்குப் போகிற வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதை. நல்ல வெயிலில்கூட உள்ளே கிணறு மாதிரி இருட்டிக் கிடக்கும். அங்கே ஒரு விளக்கு உண்டு. எரிந்து யாரும் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் உள்ளே நுழையும்போது கண்ணை மூடிக்கொள்வாள், வெளியே வந்த பிறகும் யாராவது சொன்னால்தான் திறப்பாள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “நான் போற அன்னைக்காவது அந்த லைட்டை நல்லா வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. அந்தப் பாலத்தடிய நினைச்சாலே எனக்கு என்னமோ பண்ணுது.”

“நீ போற அன்னைக்கு ஓட்டறதுக்கு நான் எங்கடி இருக்கப் போறேன்? எனக்குத்தான் முதல் டிக்கெட்டு.”

“அப்ப உங்களை யாரு ஓட்டிட்டுப் போவாங்க?”

அத்தான் கொஞ்சம் யோசித்தார். “நானேதான். வேற எவனும் வேகமாப் போவான்.”

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, “நான் விளையாட்டுக்குச் சொல்லல” என்றாள்.

அக்கா ஒரு விடியற்காலையில் போனாள். தூக்கத்திலேயே. தலைமாட்டில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் கை வரவில்லை.

நான் போனபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட ஆரம்பித்திருந்தார்கள். கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். அத்தான் அவள் காலடியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. எத்தனையோ வீட்டில் அழுகிறவர்களுக்கு நடுவே அழாமல் நின்று பழகிய ஆள். சொந்த வீட்டில் எப்படி அழுவது என்று தெரியவில்லை போலிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தார்.

“மாப்ளே, சாமானெல்லாம் கொண்டு வந்திருக்கியா?”

“என்ன சாமான் அத்தான்?”

“தேய்க்கிற சாமான்.”

அவர் கண் வண்டியின் மேல் இருந்தது. எனக்குப் புரிந்தது.

“எப்ப எடுக்கறதா இருக்கீங்க?”

“பொண்ணு வந்துட்டு இருக்கா. மத்தியானம் ஆகும் வந்து சேர. அவ பாத்ததும் எடுக்கணும்.”

நான் வானத்தைப் பார்த்தேன். மூடிக் கிடந்தது. “தேய்ச்சுடலாம் அத்தான். அது ஒண்ணுமில்ல. மேல போடற கிளியர் பூச்சு காயணுமே. நல்ல வெயிலடிச்சாலே அரை நாள் ஆகும்.”

“காயற வரைக்கும் இருப்பா. அவ என்னைக்கு அவசரப்பட்டா?” என்றார்.

அப்போதுதான் அத்தானின் அண்ணன் வந்து சேர்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கினாரே தவிர வேலையை விட்டு இறங்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் யார் எங்கே உட்கார வேண்டும், யார் நகர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

“வேற வண்டிக்குச் சொல்லிட்டேன்டா. புதுசு, ஏசி. நீ சும்மா உக்காரு. இன்னைக்குப் போயா நீ ஓட்டுவ?”

“வேணாம்னு சொல்லிடுங்கண்ணா. அவளை இன்னொருத்தன் வண்டியில ஏத்த மாட்டேன்.”

“அட, இந்த வண்டியப் பாருடா. கண்ணு ரெண்டும் பூத்துக் கெடக்கு.”

“அதத்தான் மாப்ள பாக்கப் போறான்” என்றார் அத்தான்.

வண்டியை வாசலுக்கு எதிரே மரத்தடியிலிருந்து வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தினோம். லைட்டைக் கழுவினேன். சுற்றியுள்ள பெயிண்டில் படாமல் இருக்க டேப் ஒட்டினேன். வாட்டர் பேப்பரை நனைத்து இடது லைட்டிலிருந்து ஆரம்பித்தேன். முதலில் சொரசொரப்பான தாள், குறுக்காக ஒரே திசையில். அப்புறம் அதைவிட மெல்லிசு, நெடுக்காக. முன்னால் போட்ட கோட்டை அடுத்த தாள் அழிக்கும்; அதன் கோட்டை அதற்கடுத்தது அழிக்கும். தண்ணீர் மஞ்சளாக வழிந்து, பிறகு பால் மாதிரி வழிய ஆரம்பித்தது.

கண்டக்டர் அண்ணன் வந்து தலைக்கு மேல் நின்றார்.

“ஏம்ப்பா, உள்ள பொம்பளை கெடக்கா. வெளிய சர்வீஸ் ஸ்டேஷனா நடத்தறீங்க? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?”

“நாலு பேரும் இங்கதாண்ணே நிக்கறாங்க. கேட்டுப் பாத்துடுங்க” என்றேன்.

உண்மையில் தெருவே நின்றது. சாவு வீட்டில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு நான் ஒரு வசதியாகப் போய்விட்டேன். இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. தேய்த்து முடித்ததும் லைட் தெளிவாக இருக்காது. முன்னைவிடக் கெட்டுப் போயிருக்கும். பனி பிடித்த மாதிரி ஒரே வெள்ளை. பாலிஷ் போட்டால்தான் தெளியும். தெரியாதவர்கள் அந்த இடத்தில் பார்த்தால் வயிறு எரிவார்கள். ஒரு வாடிக்கையாளர் அந்த நிலையில் வந்து பார்த்துவிட்டு மயங்கி விழுந்து, தெளிந்து எழுந்து பார்த்தபோது லைட்டும் தெளிந்திருந்தது. தன்னால்தான் தெளிந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“போச்சு! கெடுத்துட்டான். மஞ்சளாவாவது இருந்துச்சு, இப்ப பொட்டைக் கண்ணாக்கிட்டான்” என்றார் கண்டக்டர் அண்ணன். பின்னாலிருந்து சிலர் உச்சுக் கொட்டினார்கள். அக்காவுக்குக் கொட்ட வைத்திருந்ததில் கொஞ்சத்தை லைட்டுக்கு ஒதுக்கினார்கள்.

அத்தான் நான் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த லைட்டை அப்படியே விட்டுவிட்டு வலது பக்கத்துக்குப் போனேன். அதையும் கழுவித் துணியால் துடைத்தேன். அத்தான் பக்கத்தில் வந்து குனிந்தார். முகத்தைக் கிட்டே கொண்டு போனார்.

“இது என்னடா வட்டம் வட்டமா?”

சாய்த்துப் பார்த்தால் தெரியும். மங்கலின் மேல் மயிரிழை மாதிரிக் கோடுகள். தண்ணீரில் கல் போட்டால் விரிவது மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று.

“அக்கா தேய்ச்சது. பேஸ்ட்டு போட்டு சுத்திச் சுத்தித்தானே தேய்ப்பா. அந்தக் கீறல்.”

அத்தான் விரலைக் கொண்டு போனார். தொடாமல் காற்றிலேயே அந்த வட்டத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் கை பெரிது. வட்டம் சின்னது.

“அந்தப் பக்கமும் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எடுத்துட்டியா?”

“எடுத்தாத்தான் தெளியும் அத்தான்.”

 வாட்டர் பேப்பரிலிருந்து தண்ணீர் என் முழங்கைவரை ஓடிச் சொட்டியது. 

“விடணும்னா விட்டுடலாம். ஒத்த லைட்டே போதும். ரோட்டுல பாதி வண்டி அப்படித்தான் போகுது” என்றேன்.

அத்தான் நிமிர்ந்தார். நேரே வீட்டுக்குள் போனார். வாசலிலிருந்து பார்த்தால் கூடம் தெரியும். அக்காவின் தலைமாட்டில் போய் நின்றார். குனியவில்லை, தொடவில்லை. யாரோ நாற்காலி கொண்டு வந்தார்கள். வேண்டாமென்று கை காட்டினார். அப்புறம் திரும்பி வந்தார்.

“எடுத்துடு. அவ லைட்டுதான் கேட்டா.”

நான் தாளை எடுத்தேன். அவர் என் கையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டார். “நான் ஊத்தறேன்.”

நான் தேய்க்கத் தேய்க்க அவர் தண்ணீர் ஊற்றினார். வேகமாகவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. வட்டங்கள் நடுவிலிருந்து போக ஆரம்பித்தன. ஓரத்தில் ஒரு வட்டம் கடைசிவரை இருந்தது. அந்த இடத்துக்கு வந்தபோது பாட்டில் கொஞ்சம் ஆடியது. தண்ணீர் அவர் மணிக்கட்டில் வழிந்து சட்டைக்குள் போயிற்று. துடைத்துக்கொள்ளவில்லை. அந்த வெள்ளைத் தண்ணீர் தரையில் இறங்கி, வாசல் படிவரை ஓடி, அங்கே கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே தேங்கியது.  

பாலிஷ் போட்டதும் இரண்டும் தெளிந்தன. உச்சுக் கொட்டியவர்கள் ஒரு தரம் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருக்கிற பல்பின் கம்பிகூடத் தெரிந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, மடித்த துணியில் கிளியரைத் தொட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தேன். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். ஒன்றன் கீழ் ஒன்றாக இழுத்து முடித்து நிமிர்ந்தேன்.

“யாரும் தொடக் கூடாது. காயற வரைக்கும் தூசு படக் கூடாது” என்றேன்.

“காதுல விழுந்துச்சா? ஒருத்தரும் கை வெக்காதீங்க” என்று அத்தானும் சொன்னார்.

மகள் வந்து இறங்கினாள். அடுத்த கொஞ்ச நேரத்தை நான் எழுதப் போவதில்லை. அம்மாவைப் பார்க்கும் மகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

அவள் ஓய்ந்து, முகம் கழுவி வெளியே வந்தபோதும் வண்டி நகரவில்லை. நான் டேப்பின் மேல் விட்டிருந்த ஒரு சொட்டுக் கிளியரைத் தொட்டுப் பார்த்தேன். லைட்டைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் டேப்பில் ஒரு சொட்டு விடுவது. பசை மாதிரி இழுத்தது.

“எதுக்கு மாமா வெயிட் பண்றோம்?” என்று கேட்டாள் மகள்.

“லைட்டு காயணும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“அம்மா கேட்டாங்களா?”

“ஆமா.”

“பாலத்தடிக்கா?”

“ம்.”

சரி என்று தலையை ஆட்டினாள். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பூச்சு காயட்டும் என்று ஒரு பெட்டி காத்திருந்தது. பெட்டியோடு ஒரு தெருவும் காத்திருந்தது.

அந்தத் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வண்டி போனால் ஒரு புழுதி மேகம் எழும்பும். முதல் லாரி வந்தபோது மகள்தான் ஓடிப் போய் லைட்டுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா நின்றாள். அப்புறம் ஒவ்வொருவராக நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்கள். வண்டியின் மூஞ்சியைச் சுற்றி அரை வட்டமாக, தோளோடு தோள் ஒட்டி, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் எல்லோரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. இருமல் வந்தவர்கள் விலகிப் போய் இருமிவிட்டு வந்து மறுபடி தங்கள் இடத்தில் நின்றார்கள்.

கண்டக்டர் அண்ணன் அந்த வளையத்துக்குள் உட்கார்ந்து, மடித்த செய்தித்தாளால் ஈ ஓட்டினார். ஒரு ஈ விடாமல் வந்தது. “இறங்கு, இறங்கு” என்று அதைக் கண்டித்தார். பிறகு பெரிய பஸ் ஒன்று வருவது தெரிந்ததும் தாளை மகளிடம் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் போய்க் கையை நீட்டினார். பஸ் நின்றது.

“என்ன பெரியவரே?”

“ஒரு லைட்டு காயுது. மெதுவாப் போ.”

டிரைவர் எட்டிப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார், கறுப்பு வண்டியைப் பார்த்தார். நடைவேகத்தில் பஸ்ஸை உருட்டிக்கொண்டு போனார். ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள் என்று சொன்னால் நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். ஆகவே பாதிப் பேர் எழுந்து நின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுது சாயத் தொடங்கியது. டேப்பில் இருந்த சொட்டை மறுபடி தொட்டேன். மேலே ஒரு தோல் பிடித்திருந்தது. அழுத்தினால் உள்ளே இன்னும் மெத்தென்று இருந்தது.

“போகலாம் அத்தான். இனிமே தூசு ஒட்டாது. கை மட்டும் படக் கூடாது.”

டேப்பை உரித்தேன். அக்காவைப் பெட்டியில் வைத்தார்கள். பெட்டியைத் தூக்கி வந்து வண்டியில் ஏற்றினார்கள். அத்தான் வழக்கம்போல் நின்று, பெட்டி நேராக இருக்கிறதா என்று பார்த்து, பூச்சரத்தின் ஒரு முனை கதவில் மாட்டாமல் உள்ளே தள்ளி, பின்கதவைச் சாத்தினார். சத்தம் வராமல் சாத்த அவருக்குத்தான் தெரியும். பிறகு வண்டியைச் சுற்றி முன்பக்கம் வந்தார். வளையமாக நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

இடது லைட்டுக்கு முன்னால் நின்றார். கை தானாகப் போயிற்று. எத்தனை ஆயிரம் பேருக்காகப் போன கை! மூளைக்குத்தான் துக்கம், கைக்கு என்ன தெரியும்? நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு விரலும் லைட்டின் மேல் பட்டுவிட்டன.

“கிளம்பலாமா?” என்றார்.

தட்டிய சத்தம் கேட்கவில்லை. ஈரத்தில் அமுங்கிய சத்தம்தான் கேட்டது. விரலை எடுக்கும்போது மெல்ல ஒட்டி, இழுத்து, விட்டது.

அத்தனை நேரம் ஈயைக்கூட உட்கார விடாமல் காத்தவர்கள் அப்படியே நின்றார்கள். லைட்டின் மேல் மூலைப் பக்கம் இரண்டு விரல் தடம். ரேகை ரேகையாக, அச்சுக் குத்தினது மாதிரி. கண்டக்டர் அண்ணன் வாயைத் திறந்தார். நான் அறிந்து முதல் முறையாக அதிலிருந்து தீர்ப்பு எதுவும் வரவில்லை.

அத்தான் தன் விரலைப் பார்த்தார். லைட்டைப் பார்த்தார். முகம் கோணியது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. சின்னப் பிள்ளை பண்டத்தைக் கீழே போட்டுவிட்டு நிற்கிற மாதிரி நின்று அழுதார்.

“கெடுத்துட்டேனே மாப்ளே. அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா.”

“கெடல அத்தான். மூலையிலதான் பட்டிருக்கு. வெளிச்சம் போற எடத்துல இல்ல.”

“தெரியுமா? வழி தெரியுமா?”

“தெரியும். நான் சொல்றேன்ல?”

மகள் வந்து அவர் கையைப் பிடித்து, விரலில் ஒட்டியிருந்த கிளியரைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். அவர் அழுது முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில், மகள் பின் சீட்டில். கண்டக்டர் அண்ணன் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினார்.

“ரைட்” என்றார். அவ்வளவு மெதுவாக அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

அத்தான் தன் வேகத்தில் ஓட்டினார். பின்னால் ஜனங்கள் நடந்து வந்தார்கள். நடந்தவர்கள் எங்களை முந்தாமல் இருக்கச் சிரமப்பட்டார்கள். மேகம் இன்னும் இறங்கி, தெரு சாம்பல் நிறமாக இருந்தது. பாலம் வந்தது. சுரங்கப் பாதையின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. அத்தான் லைட்டைப் போட்டார்.

வெளிச்சம் இரண்டு பலகை மாதிரி நேரே உள்ளே போயிற்று.

அந்தப் பாலத்தடியில் இத்தனை காலம் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்றும் இல்லை. செங்கல் சுவர். ஒவ்வொரு செங்கலும் தனித்தனியாகத் தெரிந்தது. சுவரில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த ஒரு மீன். கீழே தேங்கிய கொஞ்சம் தண்ணீர். ஒரு நாய் படுத்திருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, பாதை அகலமாகத்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, மறுபடி தலையை வைத்துக்கொண்டது. பயப்பட அங்கே எதுவுமே இல்லை.

நடுவில் அத்தான் வண்டியை நிறுத்தினார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

“தெரியுதா?” என்றார்.

“நல்லாத் தெரியுது அத்தான்.”

“உன்னைக் கேக்கல மாப்ளே.”

 இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக விடுகிற இடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இடம் விட்டார். பின் சீட்டில் மகள் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. 

“சரி” என்றார் அத்தான், யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டது மாதிரி. கியரைப் போட்டார்.

சில வாரம் கழித்துச் சாமானோடு போனேன். அந்த இரண்டு தடத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஒரு கோட் போட்டால் புத்தம் புதிதாகிவிடும் என்றேன். அத்தான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அந்த வேலையும் அவருடையதாகிவிட்டது.

“கிளம்பலாமான்னு அவளைக் கேட்டேன்ல, அது அதுல பதிஞ்சிருக்குடா. இருக்கட்டும்” என்றார். துணியால் அந்த மூலையைத் துடைத்தார். சுற்றிச் சுற்றித்தான் துடைத்தார்.

அந்த லைட் இன்றுவரை மங்கவில்லை. சவ வண்டியின் லைட்டில் என்ன விரல் தடம் என்று பார்க்கிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். உள்ளேயிருந்து ஒருவர் இறங்கி ஓடும்போது பிடித்த இடம் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். போலீஸ் தேடுகிற பெரிய திருடனின் ரேகை, அதனால்தான் அழிக்கவில்லை என்று சிலரிடம். எல்லோரும் நம்பிவிட்டார்கள். உண்மையில் நடந்த இதை மட்டும் யாரும் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். பாலத்தடியில் அந்த நாய் இன்னும் படுத்திருக்கிறது, போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.